நகை மூழ்கிவிட்டது, அட்வான்ஸும் போய்விட்டது என்கிறார்களே?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. இவர் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். வாடகை வீட்டிலேயே காலம் ஓடுகிறதே என்று, 15 மாதங்களுக்கு முன் ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு மனை ஒன்றை 12 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். 100 ரூபாய் முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதினார்கள், பதிவு செய்யவில்லை. எழுதிய அன்று 50,000 ரூபாய் கொடுத்தார்கள். அது சீட்டு எடுத்த பணம். அடுத்த மாதம் இரண்டரை லட்சம். அதற்காக ஐந்து பவுன் ஆரத்தைக் கடைத்தெருவில் ஓர் அடகுக் கடையில் 1,60,000 ரூபாய்க்கும், மூன்று பவுன் வளையல்களை ஒரு நகைக்கடன் கம்பெனியில் 90,000 ரூபாய்க்கும் வைத்தார். மீதி ஒன்பது லட்சத்துக்கு வங்கிக் கடன் வாங்குவதாகத் திட்டம். கெடு 11 மாதம்.

வங்கி கடன் தரவில்லை. மனை, விற்பவரின் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. விற்பவருக்கு ஒரு தங்கை உண்டு, அவர் கையெழுத்து இல்லாமல் டைட்டில் கிளியர் ஆகாது என்று வங்கியின் வக்கீல் எழுதிவிட்டார். "அவ வந்து போடுவா" என்று விற்பவர் நாளைக் கடத்தினார். கெடு முடிந்த மறுவாரமே, "கெடு தாண்டினா பணம் போச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, எடுத்துப் படிச்சுப் பாருங்க" என்று பேச்சை மாற்றினார். கணவர் கோபத்தில், "எங்களால முடியல, பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டார். இப்போது விற்பவர், 50,000 ரூபாய் தருகிறேன், எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். மனையை வேறொருவர் கூடுதல் விலைக்குக் கேட்கிறாராம்.

இதற்கு நடுவே அடகுக் கடைக்காரர், "ஒரு வருஷம் ஏழு நாள் தாண்டிடுச்சும்மா, ஆரம் மூழ்கிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நகைக்கடன் கம்பெனியிலிருந்து ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏலத்துக்கு இன்னும் 23 நாள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெறும் மஞ்சள் கயிற்றோடு போய் நின்றதையும், நாத்தனார் எல்லோர் எதிரிலும் "ஆரம் எங்கே?" என்று கேட்டதையும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். கடைசி வரி: "எல்லாம் என் கையெழுத்தால்தான் போச்சு. சட்டப்படி இனிமேல் எனக்கு எதுவுமே இல்லையா மேடம்?"

இருக்கிறது, சகோதரி. உங்கள் ஆரம் விற்கப்படாமல் இருந்தால் அது இன்றைக்கும் உங்களுடையதுதான். நீங்கள் கொடுத்த மூன்று லட்சத்தில் பெரும்பகுதியைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் கால வரம்பு உண்டு. அதனால் அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

"மூழ்கிடுச்சு" என்றால் என்ன?

நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஆற்றில் விழுந்தது போல, இனி கை எட்டாது என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். எத்தனையோ பேர் ரசீதைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டு, பல மாதம் கழித்து என்னிடம் வந்திருக்கிறார்கள்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அடகைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் நகையை ஒப்படைத்தது கடனுக்கு ஈடாக. நகை அவர் பெட்டியில் இருக்கிறது, உரிமை உங்களிடம் இருக்கிறது. கெடு தாண்டினால் கடைக்காரருக்கு இரண்டு வழிதான். கடனைக் கேட்டு உங்கள் மேல் வழக்குப் போடலாம். அல்லது உங்களுக்கு நியாயமான நோட்டீஸ் கொடுத்து நகையை விற்கலாம். இது 176ஆவது பிரிவு. விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியை நீங்கள் தர வேண்டும். மிஞ்சினால் மிச்சத்தை அவர் உங்களுக்குத் தர வேண்டும். கெடு தாண்டியதால் நகை தானாக அவருக்குச் சொந்தமாகும் என்ற மூன்றாவது வழி அந்தப் பிரிவில் இல்லவே இல்லை.

அடுத்த பிரிவு 177 இன்னும் தெளிவு. கெடு தாண்டிய பிறகும், நகை உண்மையிலேயே விற்கப்படும் வரை எந்த நேரத்திலும் நீங்கள் அதை மீட்கலாம். அசலும் வட்டியும், தாமதத்தால் அவருக்கு ஏற்பட்ட செலவும் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கே சில கடைகளில் ஒரு பழக்கம் உண்டு: "கடைக்கே எடுத்துக்கிட்டோம்" என்பார்கள். அடகு பிடித்தவர் பொருளைத் தனக்குத் தானே விற்றுக்கொள்ள முடியாது, அப்படிச் செய்தாலும் மீட்கும் உரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு நிதி நிறுவன வழக்கில் விரிவாகவே சொல்லியிருக்கிறது. அங்கே அடகானவை கம்பெனிப் பங்குகள். உங்கள் ஆரத்துக்கும் அதே சட்டம்தான். விற்பதற்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்பதையும், "நோட்டீஸ் வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது செல்லாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள்.

தமிழ்நாட்டு அடகுக் கடைகளுக்கு 1943இலிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. உரிமம் கொடுப்பவர் தாசில்தார். மீட்காத நகையைப் பொது ஏலத்தில் மட்டுமே விற்க முடியும். வட்டிக்கும் அரசு நிர்ணயித்த உச்சவரம்பு உண்டு. உங்கள் ரசீதில் எழுதியிருக்கும் "ஒரு வருஷம் ஏழு நாள்" என்பது, அதற்குப் பிறகு ஏலத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கான கெடு. அன்றோடு நகை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் வீட்டு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதை எடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்திருந்தது. எண் மட்டும் தெரிந்தது. கடைக்காரர் "மூழ்கிடுச்சு" என்று சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏலத் தேதி, ஏலம் நடந்த இடம், எடுத்தவர் யார், எத்தனை ரூபாய்க்குப் போனது என்று நான்கே கேள்வி கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். பத்தாம் நாள் கடையிலிருந்து ஆள் வந்து, வட்டியைக் கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொன்னார்கள். நகை அந்த எட்டு மாதமும் அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது. எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் யாராவது கேட்கும்வரை யாரும் பதில் சொல்வதில்லை என்பதை அன்றைக்கு நேராகவே பார்த்தேன்.

அந்த நான்கு கேள்விகளை நீங்களும் கேளுங்கள். ரசீது எண், தேதி, நகை விவரம், "பாக்கியைக் கணக்குப் போட்டுத் தாருங்கள், கட்டி மீட்கத் தயார்" என்ற வரி, இவை கடிதத்தில் இருந்தால் போதும். ஸ்பீடு போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அசல் ரசீதைக் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். "பார்த்துட்டுத் தரேன்" என்றாலும் கொடுக்காதீர்கள். பதில் வரவில்லை என்றாலோ, நகையைத் தர மறுத்தாலோ தாசில்தாரிடம் புகார், அதோடு உரிமையியல் வழக்கு. அடகு வைத்த பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்குக்கு, நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கால வரம்பு.

நகை உண்மையிலேயே முறையான ஏலத்தில் போயிருந்தால் அது திரும்ப வராது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதும் கணக்கு இருக்கிறது. நீங்கள் வைத்த நாளைவிடப் பவுன் விலை நன்றாக ஏறியிருக்கிறது. ஐந்து பவுனுக்கு வந்த ஏலத் தொகையில் 1,60,000 ரூபாயும் வட்டியும் போக மிச்சம் இருந்தாக வேண்டும். அது உங்கள் பணம்.

வளையல்: இதுதான் உண்மையான அவசரம்

கம்பெனி விஷயத்தில் ஏமாற்று எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. முறையாக நோட்டீஸ் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிகளின்படி ஏலத்தை இரண்டு நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அடிப்படை விலைக்குக் கீழே விட முடியாது. கம்பெனியே ஏலத்தில் எடுக்க முடியாது. மிச்சத்தை உங்களுக்குத் தர வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் ஏலத்துக்குப் பிறகு நீங்கள் கேட்பதற்கு மிச்சத் தொகையைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆகவே அந்த 23 நாளைக்குள் எதையாவது செய்ய வேண்டும்.

"கையில் காசில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பவுன் வளையலின் இன்றைய மதிப்புக்கு எத்தனை கடன் கிடைக்கும் என்று ஏதாவது ஒரு தேசிய வங்கியிலோ நகரக் கூட்டுறவு வங்கியிலோ போய்க் கேளுங்கள். அன்றைக்கு வாங்கிய 90,000 ரூபாயும் வட்டியும் சேர்ந்த தொகையைவிட அது கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாள் கைமாற்று வாங்கிக் கம்பெனியில் மீட்டு, அன்றே வங்கியில் குறைந்த வட்டிக்கு வைத்துக் கைமாற்றை அடைத்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால், கம்பெனியிலேயே இதுவரை ஆன வட்டியைக் கட்டி மறு அடகு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. வட்டி கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். ஏலப் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை எடுத்துவிட்டதாக எழுத்தில் கேளுங்கள்.

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு

இனி மனை. ஒப்பந்தத்தில் இருக்கும் வரியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: "கெடுவுக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ளத் தவறினால் கொடுத்த முன்பணம் முழுவதையும் இழந்துவிட வேண்டியது." இதில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பத்திரம் எழுதுபவர்கள் இந்த வரியை எல்லா ஒப்பந்தத்திலும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டதாலேயே நீதிமன்றம் அதை அப்படியே அமல்படுத்துவதில்லை.

நம் பெரியவர்கள் அச்சாரம் என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பேச்சு உறுதி என்பதற்கு அடையாளமாக முதலில் கொடுக்கும் தொகை அது. வாங்குபவர் பேச்சு மாறினால் அச்சாரம் போகும். விலையில் ஒரு பகுதியாகப் பின்னால் கொடுக்கும் பணம் முன்பணம். அதன் கதை வேறு. இன்றைக்கு நாம் இரண்டையும் சேர்த்து அட்வான்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபதே சந்த் வழக்கு உங்கள் கதைக்கு அவ்வளவு பொருந்துகிறது. டெல்லியில் ஒரு பங்களா, விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் அச்சாரமாக 1,000 ரூபாயும், பிறகு 24,000 ரூபாயும் கொடுத்தார். கிரயம் நடக்கவில்லை. தவறினால் 25,000 ரூபாயும் போகும் என்றுதான் ஒப்பந்தம். நீதிமன்றம் அச்சாரம் 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. 24,000 ரூபாயை, அவருக்கு நட்டம் ஏற்பட்டதாக நிரூபணம் இல்லாததால், வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்புதான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. உங்கள் 50,000 ரூபாயையும் இரண்டரை லட்சத்தையும் அந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள்.

2015இல் கைலாஷ் நாத் வழக்கு. ஏலத்தில் மனை எடுத்தவரின் 78 லட்சம் ரூபாய் அச்சாரத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையைப் பல மடங்கு விலைக்கு விற்றது. ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லப்பட்டவர் மீறவே இல்லை, ஆணையத்துக்கு நட்டமும் இல்லை. பிறகு எதற்கு அந்த 78 லட்சம் என்று கேட்டு, திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்கள் விற்பவருக்கும் கூடுதல் விலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார். அதை யார் மூலம், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்து வையுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012இல் 70 லட்சம் ரூபாய் கிரயத்தில் 7 லட்சம் அச்சாரம் முழுவதையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் பெங்களூரு மனை வழக்கு ஒன்றில் 20 லட்சமே அச்சாரமாகக் கருதப்பட்டு, வாங்குபவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒப்பந்த வாசகம் எப்படி இருக்கிறது, தவறு யார் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அதனால் அடுத்த கேள்விதான் உங்கள் வழக்கின் உயிர்.

தவறியது யார்?

கடிதம் முழுக்க "நாங்கள் கெடுவைத் தாண்டிவிட்டோம்" என்றே எழுதியிருக்கிறீர்கள். வங்கி ஏன் கடன் தரவில்லை? தங்கையின் கையெழுத்து இல்லாததால். அப்பா உயில் எழுதாமல் காலமாகி இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனைப் போலவே மகளும் முதல் வகுப்பு வாரிசு. அம்மா உயிரோடு இருந்தால் அவரும்தான். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன்னுடைய பங்கை மட்டும் வைத்துக்கொண்டு முழு மனைக்கும் விலை பேசியவர் விற்பவர். உரிமையில் குறை இருந்தால் வாங்குபவரிடம் சொல்வதும், ஆவணங்களைக் காட்டுவதும் விற்பவரின் கடமை என்று சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவின்படி, நீங்கள் நியாயமான காரணத்தோடு கிரயத்தை மறுத்தால், கொடுத்த பணத்துக்கும் அச்சாரத்துக்கும் அந்த மனையில் அவருக்குள்ள பங்கே ஈடாக நிற்கும்.

அதாவது, தங்கையின் கையெழுத்தோ, அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமோ இல்லாமல் அவரால் முழுக் கிரயம் செய்து தர முடியாது என்று காட்டிவிட்டால், 50,000 அச்சாரத்தையும் சேர்த்தே கேட்கலாம். அதற்கு முக்கியச் சான்று வங்கி வக்கீலின் அந்தக் கருத்துரை. வங்கியில் எழுதிக் கேட்டு நகல் வாங்குங்கள். கடன் விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கி அனுப்பிய மின்னஞ்சல் எல்லாமே வேண்டும். பணம் கட்ட நீங்கள் கடைசிவரை தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்பதற்கு அவையே சாட்சி.

கணவரின் அந்த வாட்ஸ்அப் பேச்சு எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. "எங்களால முடியல" என்ற வார்த்தையை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்: வாங்குபவரே கைவிட்டுவிட்டார் என்பார். அதை அழிக்காதீர்கள், அழித்தால் இன்னும் சந்தேகம் வரும். அதற்கு முன்னும் பின்னும் தங்கை கையெழுத்தைப் பற்றி நடந்த பேச்சுகளையும் அப்படியே வைத்திருங்கள். "அவ வந்து போடுவா" என்று விற்பவர் அனுப்பிய செய்தி இருந்தால் அதுதான் இதற்குச் சரியான பதில். இனிமேல் போனில் எதுவும் பேச வேண்டாம். முதல் வேலையாக ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும்.

பதிவு செய்யவில்லையே?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதைச் செய்யாமல் விட்டது தவறுதான். ஆனால் "வெறும் காகிதம்" என்று விற்பவர் சொல்வது சரியல்ல. பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்த்திருக்கிறது. இரண்டரை லட்சத்தையும் வங்கிக் கணக்கு மூலம் அனுப்பியிருப்பதால் பணம் கொடுத்ததை அவர் மறுக்கவும் முடியாது.

பதிவு செய்யாததன் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. புதிதாக வருபவர் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கிவிட்டால், அவரிடமிருந்து மனையைக் கேட்பது மிகவும் கடினம். சார் பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தால் பதிவு நின்றுவிடும் என்று உங்கள் மைத்துனர் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத் தடை உத்தரவு இல்லாமல் அதை நம்பியிருக்க முடியாது. மனைதான் வேண்டும் என்றால் சீக்கிரம் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்க வேண்டும். காவல் நிலையத்தில் ஏமாற்று வழக்கு கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடிந்தால்தான் அது நிற்கும். இப்போதுள்ள விவரத்தை வைத்து, அங்கே அலைவதில் உங்கள் நாட்களைச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மனையா, பணமா? 50,000 ரூபாய் வாங்கிக்கொள்ளலாமா?

கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது. கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு என்றால், "அது முடியாவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்" என்ற மாற்றுப் பரிகாரத்தையும் மனுவில் கட்டாயம் சேருங்கள். கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தராது. இது குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது. நான் முன்னே சொன்ன பெங்களூரு வழக்கில் வாங்குபவர் அதைக் கேட்கவே இல்லை. கீழ் நீதிமன்றத்திலிருந்து மேல் நீதிமன்றம் வரை எந்தக் கட்டத்திலும் மனுவைத் திருத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

என் கருத்தைக் கேட்டால், தங்கை கையெழுத்துப் போட மனமில்லாமல் இருக்கும்போது அந்த மனைக்காக ஆண்டுக்கணக்கில் நீங்கள் காத்திருக்க வேண்டாம். பணத்தைத் திரும்பப் பெறுவதையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் தங்கையிடம் நீங்களே ஒரு தடவை பேசிப் பார்க்கலாம். தங்கையின் பங்கையும் சேர்த்து அண்ணன் விலை பேசியது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். தெரிந்தால் உங்கள் பக்கம் சாட்சியாகவும் வரலாம்.

50,000 ரூபாய்க்கு "எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு காகிதம் இரண்டரை லட்சத்தை முடித்துவிடும். அதற்காக மூன்று லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறையாமல் வாங்குவேன் என்று பிடிவாதமும் வேண்டாம். இரண்டரை லட்சத்தை ஒரே தவணையில், வங்கி வரைவோலையாகத் தந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வழக்கு நடத்தினால் முழுத்தொகையும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஆண்டுகள் ஆகும், முன்னே சொன்ன ஆபத்தும் ஓரளவு இருக்கிறது. அந்தப் பணம் இப்போதே கைக்கு வந்தால் ஆரம், வளையல் இரண்டின் அசலையும் அடைத்துவிடலாம், வட்டியை மட்டும் புரட்டினால் போதும்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பது நல்லதாகப் போயிற்று. குடியாத்தம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். வேலூர் வந்தால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே விற்பவரை அழைத்துச் சமரசம் பேச அவர்களால் முடியும். அங்கே ஒப்புக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்தானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அவர் பிறகு மாற்றிப் பேச முடியாது.

போகும்போது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், வங்கி வக்கீலின் கருத்துரை, வாட்ஸ்அப் உரையாடல் ஏற்றிய போன், இரண்டு அடகு ரசீதுகள், ஏல நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடகு ரசீதை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படம் எடுத்துக் கணவர் போனிலும் ஒரு நகல் வையுங்கள். திங்கட்கிழமை காலை முதலில் வங்கிக்குப் போய் வளையலுக்கு எத்தனை கிடைக்கும் என்று கேளுங்கள். அங்கிருந்து நேராக நகைக்கடன் கம்பெனி. அடகுக் கடைக்கு அனுப்பும் கடிதத்தை அன்று மாலைக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள்.